ஏழாம் நம்பர் மலையில் வளைந்த கான்

தலைமை தாங்கும் நஸார் முதலாளி அவர்களே! தலவாக்கலை மண்டபத்தை நிறைத்திருக்கும் பெரியவர்களே! கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த கையோடு வந்திருக்கும் தாய்மார்களே! வணக்கம்.

போதும், நான் வாய்மூடி இருந்தது போதும்! எனக்கு மேடை தரமாட்டார்கள். அதனால் எழுதி அனுப்புகிறேன்; தலைவர் உரக்க வாசிக்க வேண்டும்.

பூண்டுலோயாவுக்கு மேலே எங்கள் தோட்டத்தில், தேயிலை வேருக்கு அடியில், பழங்காலக் கட்டடம் ஒன்று கண் விழித்திருக்கிறது! செங்கல் சுவர் எழுகிறது, கற்படி எழுகிறது, கற்றூண் எழுகிறது! அகழ்வு அதிகாரிகள் ஆயிரம் ஆண்டு என்கிறார்கள். கண்டுபிடித்தவர் என்று, மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவுக்கு இன்று பூமாலை போடுகிறீர்களே, கண்டுபிடித்தது அவரா?

கான் வெட்டும் ஆண்டியப்பன்! மழைத்தண்ணீர் வடிய ஏழாம் நம்பர் மலையில் கான் வெட்டியவர், அலவாங்குக் கம்பி எதிலோ தட்டியதும் நிறுத்தினார்.

"கண்டாக்கையா, இது பாறை இல்லீங்க. பாறைன்னா கை அதிரும். இது அடிய உள்ள வாங்குதுங்க. செவருங்க."

"ஒன்னைய வச்சிருக்கிறது கான் வெட்டவா, ஜோசியம் சொல்லவா? நேரா வெட்டுடா!"

நேராக வெட்டினாரா? இல்லை! சுவர் போன வழியே கானை வளைத்தார். மூலை வந்த இடத்தில் கானையும் திருப்பினார். முப்பது அடி! கோணல் கான் வெட்டிய குற்றத்துக்கு, மறுநாள் காலை ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டில் பத்துச்சீட்டு கொடுத்து வேலையைவிட்டு விலக்கினார்கள். மாதக் கடைசியில், குடியிருக்கும் லயக் காம்பராவையும் விடவேண்டும்.

அந்த வளைவைக் கேள்விப்பட்டுத்தான் அதிகாரிகள் வந்தார்கள். ஒருவர் கானில் இறங்கிச் சுவரைத் தடவினார். "ஒரு கீறல்கூட இல்லையே! வெட்டியது யார்?" என்று சிங்களத்தில் கேட்டார். "எல்லாம் என் மேற்பார்வைதான்" என்றார் கண்டாக்கையா. நாற்பது பேர் நின்றோம். நான் என்ன செய்தேன்? தொண்டையைச் செருமினேன். அவ்வளவுதான்!

இதைக் கேட்டுப் பின்வரிசையில் யாராவது "பொறாமை" என்பீர்கள். ஆமாம் ஐயா, பொறாமைதான்! கண்டாக்கையா எனக்குச் செய்த அவமானம் ஒன்றையும் நான் மறக்கவில்லை. ஆனால் நான் கெட்டவன் என்பதால் ஆண்டியப்பன் வெட்டிய கான் பொய்யாகிவிடுமா?

எண்ணிப் பாருங்கள்! வாக்குரிமை இல்லை என்று இந்த நாடு ஒதுக்கிய கை, இந்த நாட்டின் வரலாற்றைக் கீறல் விழாமல் காத்திருக்கிறது! எழுந்திருங்கள்! மாலையை மேசையில் வைத்துவிட்டுத் துரை பங்களாவுக்கு நடங்கள்! பத்துச்சீட்டைத் திரும்ப வாங்கச் சொல்லுங்கள்! காம்பராவில் கைவைக்காதே என்று சொல்லுங்கள்! அகழ்வில் முதல் மண்வெட்டி ஆண்டியப்பனுக்கே என்று சொல்லுங்கள்!

கேட்டிருந்த அத்தனை பேருக்கும் நன்றி, வணக்கம்.

கீழே என் பெயரை எழுதப் பேனாவை வைத்தேன். எழுதினால் கூட்டம் முழுக்க என் பழைய பகையைத்தான் பேசுவீர்கள். அதற்குள் ஆண்டியப்பனின் சாமான்கள் லயத்து வாசலுக்கு வந்துவிடும். வேண்டாம். கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.