ஏழு மூங்கில்

எனக்கு முகம் வரைய வராது. கையும் காயும் நன்றாக வரும். இருபத்தொரு வருடம் உங்கள் அப்பாவிடம் சித்திரக்கதை உதவி ஓவியராக இருந்துவிட்டு இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. சென்செய் என்று நான் கூப்பிட்ட உங்கள் அப்பாவே வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்த விஷயம்தான். "ஹாசெபே வரையற ஆளுங்க எல்லாம் பல்லு வலிக்காரன் மாதிரியே இருப்பாங்க. ஆனா அவ ஒரு மாஜாங் காயை வரைஞ்சா, எடுத்து உருட்டிப் பாக்கணும் போல இருக்கும்" என்பார். அதில் முதல் பாதியை நான் ஒருநாளும் மனதில் வைத்துக்கொண்டதில்லை.

கயோசான், போன வாரம் நீங்கள் வந்தபோது உங்கள் முன்னால் தேநீரை வைத்துவிட்டு வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பேச்சில் எனக்கு எதுவும் வரிசையாக வராது, எழுதினால் வரும். இதன் நகல் ஒன்றை எங்கள் வட்டாரக் காவல் நிலையத்துக்கும் அனுப்பியிருக்கிறேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. அப்பாவின் கதையை வைத்து எடுத்த படத்தின் வட்டில், கடைசியில் இணைத்திருக்கும் பேட்டியில், உதவி இயக்குநர் குசாகா பெருமையாக ஒன்று சொல்கிறார். இறுதிக் காட்சி எடுத்த அன்று காலை ஒன்பது நாற்பதுக்கு அவர் எனக்குப் போன் செய்தாராம். பின்னால் இகராஷி சென்செய் யோசித்து முனகுவது கேட்டதாம். ஒரு காயைப் போடுவதற்கு ஒரு மனிதர் அப்படி முனகி அவர் கேட்டதே இல்லையாம். ஆனால் சென்செய் பதினொன்றே முக்காலுக்குத்தான் விழுந்தார் என்று மருத்துவமனையில் சொன்னவள் நான். "அப்ப ஒம்பது நாப்பதுக்கு எங்கப்பா எதுக்கு முனகினாரு?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி.

நீங்கள் மாஜாங் ஆடுவதில்லை, அப்பாவின் கதையையும் படித்ததில்லை என்று தெரியும். அதனால் கொஞ்சம் சொல்ல வேண்டும். கையில் பதிமூன்று காய் இருக்கும். பதினாலாவதை எடுத்தால், பதினாலில் ஒன்றைக் கீழே போட்டாக வேண்டும். போட்ட காய் எதிராளி காத்திருந்த காயாக இருந்துவிட்டால் தீர்ந்தது. 'கடைசிச் சுவர்' தொடரின் நாயகி ஷினோ அந்தப் பதினாலாவது காயை எடுத்து நான்கு வருடம் ஆகியிருந்தது. பத்திரிகையில் நான்கு வருடம், கதையில் மூன்று நிமிடம்கூட இருக்காது. எதிரே உட்கார்ந்திருந்த கிழவரிடம் தோற்றால் அவள் வாழ்நாள் முழுக்கக் காயைத் தொடக்கூடாது என்பது பந்தயம். இதழுக்கு இதழ் அவள் யோசித்தாள், வியர்த்தாள், பழசை நினைத்தாள். காயைப் போடவில்லை.

வாசகர்கள் வைதார்கள், ஆனால் வாங்கினார்கள். ஹொக்கைதோவிலிருந்து ஒரு பெரியவர் மாதாமாதம் அஞ்சலட்டை அனுப்புவார். அதில் ஓர் எழுத்தும் இருக்காது, ஒரே ஒரு காயின் படம் மட்டும். இந்த மாதம் இதைப் போடுவாள் என்று அர்த்தம். மற்ற ஓவியர்களிடம் காயெல்லாம் அச்சடித்து ஒட்டுகிற வேலை. சென்செய்யிடம் மட்டும்தான் ஒவ்வொரு காயும் பேனாவால் வரைந்தாக வேண்டும். அந்தப் பதினாலு காய்களை நான் எத்தனை ஆயிரம் தடவை வரைந்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஊருக்குப் போகவில்லை. ஷினோ எதைப் போடுவாள் என்று தெரிந்துகொள்ளாமல் செத்துவிடுவேனோ என்பதுதான் என் ஒரே பயம்.

பிறகு படம் வந்தது. பத்திரிகையின் கடைசி அத்தியாயமும் படத்தின் முடிவும் ஒன்றாக இருக்க வேண்டும், அதுவரை யாருக்கும் தெரியக்கூடாது என்று ஏற்பாடு. திரைக்கதையின் கடைசிப் பக்கத்தை வெறுமையாகவே அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். பிப்ரவரி பதினேழு அன்று படப்பிடிப்பு. அன்றே நண்பகலுக்குள் பத்திரிகை ஆளும் பக்கங்களை வாங்க வருவார். முகங்களையெல்லாம் சென்செய் முடித்துவிட்டார். மீதி இருந்தது கடைசிப் பக்கம் மட்டும். மற்ற இரண்டு உதவியாளர்களும் பின்னணி வேலை முடித்து முந்தின நாளே போய்விட்டார்கள்.

அன்று காலையில் சென்செய் உப்புப் பிளம் வைத்த சோற்றுருண்டையைத் தின்றுகொண்டே, வானிலை சொல்வது போலச் சொன்னார்.

"ஷினோ எதையும் போட மாட்டா. எழுந்து வெளிய போயிடுவா. அவ்வளவுதான்."

வாசகர்கள் நான்கு வருடமாகக் காத்திருக்கிறார்கள் என்றேன்.

"அவங்களும் எழுந்து போகட்டும். எனக்கு அலுத்துப்போச்சு, ஹாசெபே. உனக்கு அலுக்கலையா?"

இருபத்தொரு வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் சொந்தக் கேள்வி அது. இல்லை என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. அப்படியெல்லாம் முடிக்கக் கூடாது, நான் விடமாட்டேன் என்றேன். "விடமாட்டியா, சரிதான் போ" என்று சிரித்துக்கொண்டே மை எடுக்க எழுந்தார். கிண்ணம் கையிலிருந்து நழுவியது. அதைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி வலப்பக்கம் சாய்ந்து அப்படியே பாயில் சரிந்தார். மணி எட்டேகால். வானொலியில் போக்குவரத்துச் செய்தி முடிந்துகொண்டிருந்தது.

வாய் ஒருபக்கம் கோணியிருந்தது. வலது கையைத் தூக்கினேன், விழுந்தது. பேச்சு வரவில்லை, இடது கை மட்டும் அசைந்தது. என் அப்பாவும் அப்படித்தான் போனார், அதனால் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று எழுதினால் அது பொய்.

ஆம்புலன்ஸ் எட்டு நிமிடத்தில் வந்துவிடும். வந்தால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதற்கப்புறம் அவரிடம் ஒன்றும் கேட்க முடியாது. எழுந்து போய்விடுவாள் என்றது விளையாட்டாகச் சொன்னதா, நிஜமா என்றுகூடத் தெரியாமல் போய்விடும். ஐந்து நிமிடம் போதும் என்று நினைத்தேன்.

அவரைக் குட்டை மேசைக்கு முன்னால் நிமிர்த்தி உட்காரவைத்து, முதுகுக்கு மெத்தை அணை கொடுத்தேன். குளிராமல் போர்வை போர்த்தினேன். வாயைத் துடைத்தேன். பிறகு பெட்டியிலிருந்து ஷினோவின் பதினாலு காய்களையும் எடுத்து, கதையில் இருக்கிற அதே வரிசையில் அவர் இடது கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தேன்.

"சென்செய், எதைப் போடணும்னு மட்டும் காட்டுங்க. காட்டின உடனே போன் பண்றேன்."

அவர் கையை நீட்டினார். இரண்டு காய் சேர்ந்து முன்னால் நகர்ந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் இரண்டு போட முடியாதே. திரும்ப எடுத்து வரிசையில் வைத்தேன்.

"ஒண்ணுதான் போடலாம், சென்செய். உங்களுக்கு நான் சொல்லணுமா?"

மறுபடி தள்ளினார். இந்தத் தடவை நடுவிலிருந்து மூன்று. திரும்ப வைத்தேன். நிதானமாகத்தான் செய்தேன், கையை முறுக்கவில்லை, அதட்டவில்லை. ஆனால் கெஞ்சினேன். நெற்றி பாயில் படக் குனிந்து கெஞ்சினேன். அவர் இடது கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது, துடைத்துவிட்டேன். நான்கு காய், இரண்டு காய், மறுபடி மூன்று. எத்தனை முறை என்று எண்ணவில்லை. ஐந்து நிமிடம் எப்போது ஒரு மணி நேரம் ஆனது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒன்பது நாற்பதுக்கு குசாகா போன் செய்தார். அரங்கைச் சாயங்காலம் பிரித்தாக வேண்டும், நடிகை காலையிலிருந்து பதினாலு காயை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், இயக்குநர் தன்னைப் பிடுங்கித் தின்கிறார் என்று புலம்பினார். அப்போதுதான் சென்செய் அந்தச் சத்தம் போட்டார். பெரிய சத்தம்தான்.

"என்னங்க சத்தம் அது?"

"யோசிக்கிறாரு" என்றேன்.

"ஐயோ, நான் தொந்தரவு பண்ணல, பண்ணல" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு வைத்துவிட்டார். நல்ல மனிதர். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை.

பத்து மணி சுமாருக்கு சென்செய் ஒரே வீச்சில் எல்லாக் காய்களையும் தள்ளினார். ஒன்று மட்டும் மேசையைத் தாண்டிப் பாயில் போய் விழுந்தது, ஏழு மூங்கில் குச்சிகள் வரைந்த முகம் மேலே பார்க்க. ஏழு மூங்கில். உடனே படப்பிடிப்புத் தளத்துக்குப் போன் செய்து சொன்னேன். குசாகா அந்தப் பக்கம் கத்தியே விட்டார். யாருமே எதிர்பார்க்காத காய் அது.

பிறகு வரைந்தேன். ஷினோவின் விரல்கள், ஏழு மூங்கில், எதிரே கிழவரின் கைகள் தோல்வியை ஒப்புக்கொண்டு காய்களை மெல்லக் கவிழ்த்து வைப்பது. கையும் காயும் மட்டுமே உள்ள பக்கம். ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அவசரப்பட்டிருக்கலாம். ஆனால் கடைசிப் பக்கத்தில் கோடு நடுங்கினால் சென்செய்க்குப் பிடிக்காது. அவர் பக்கத்தில்தான் படுத்திருந்தார். நடுநடுவே போர்வையைச் சரிசெய்தேன். பதினொன்றரைக்குப் பத்திரிகை ஆள் வந்தார், வாசலிலேயே உறையைக் கொடுத்தேன். சென்செய் எங்கே என்றார். தூங்குகிறார் என்றேன். அவர் படியிறங்கிப் போனதும் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

மருத்துவமனையில் ஓர் இளம் டாக்டர் ஓடிவந்து கேட்டார்.

"விழுந்தது சரியா எத்தனை மணிக்கு? யோசிச்சு சொல்லுங்கம்மா. மூணு மணி நேரத்துக்குள்ளன்னா அடைப்பைக் கரைக்க மருந்து இருக்கு. அதுக்கு மேல ஆயிருந்தா குடுக்கக் கூடாது, மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சிடும்."

எனக்கு நன்றாகவே புரிந்தது. எட்டேகால் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், எட்டேகாலுக்கு விழுந்தவர் பத்து மணிக்கு எப்படிக் காய் போட்டார் என்று யாராவது கேட்பார்கள். ஏழு மூங்கில் சென்செய்யுடையது இல்லை என்று ஆகிவிடும். படம், அத்தியாயம், எல்லாம் பொய்யாகிவிடும்.

"பதினொன்னே முக்கால்" என்றேன். அவர் இன்னொரு முறை கேட்டார். "கடிகாரத்தைப் பாத்தேன், டாக்டர். பதினொன்னே முக்கால்தான்."

மருந்து கொடுத்தார்கள். சாயங்காலமே மூளைக்குள் கசிவு தொடங்கிவிட்டது. செந்தாயிலிருந்து வந்திறங்கிய நீங்கள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதீர்கள். "நீங்க பக்கத்துல இருந்தீங்களே, எனக்கு அது போதும்" என்றீர்கள். மூன்றாம் நாள் சென்செய் போய்விட்டார். அந்த டாக்டர் என்னிடம் வந்து தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார். அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். அவர் தப்பு ஒன்றுமில்லை, அவருக்கு நான்தான் தப்பான நேரத்தைக் கொடுத்தேன். உங்கள் அப்பாவைக் கொன்றது நான்தான் என்று சட்டம் சொல்லும். சொல்லட்டும், நான் மறுக்கப் போவதில்லை.

படம் பார்த்தீர்களா? முதல் நாள் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஷினோ ஏழு மூங்கிலைப் போட்டபோது அரங்கமே மூச்சை இழுத்தது. ஹொக்கைதோப் பெரியவர் முதல்முறையாக அஞ்சலட்டையில் எழுத்தில் எழுதினார். எனக்குத் தோன்றவே இல்லை, சென்செய்க்கு நன்றி என்று. அதைப் படித்துவிட்டு நான் தேம்பித் தேம்பி அழுதேன். சென்செய்க்கு அந்த நன்றியை வாங்கிக் கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்?

நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். தொலைபேசி அந்தக் குட்டை மேசையின் மறுகோடியில்தான் இருந்தது, நான் வைத்த காய்களுக்கு நேர் பின்னால். அவர் தள்ளிய காய்கள் அதன் மேல் போய் இடித்துக்கொண்டே இருந்தன. அதனால் குசாகா பேசி வைத்ததும் அதை எடுத்துப் புத்தக அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன், சென்செய்க்குக் காய் போட இடம் வேண்டுமே என்று. நான் எடுத்து வைப்பதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எல்லாக் காய்களையும் ஒரேயடியாகத் தள்ளினார். அதற்கப்புறம் நான் மறுபடி அடுக்கிவைத்தும் கையை நீட்டவில்லை. ஆட்டத்தை விட்டு எழுந்து போகிறவர் அப்படியா உட்கார்ந்திருப்பார், கயோசான்? எதைப் போடுவது என்று தீர்மானித்துவிட்டவர்தான் அவ்வளவு அமைதியாக இருப்பார்.