இஞ்சித் தண்ணியில ஒரு உருண்ட

இல்லம்மா இளமதி, அடிக்க வையவெல்லாம் மாட்டாக. நீ வேலைக்குப் போற வீடு அந்த மாதிரி இல்ல. சிங்கப்பூர்ல நான் அவுக வீட்ல இருந்த ஆறு வருசத்துல, ஏன் கலைமதி இப்புடிப் பண்ணேன்னு ஒரு நாளு மொகஞ்சுளிச்சது கெடையாது. ஒக்காரு. அறந்தாங்கி பஸ்ஸு நாலரைக்குத்தான். இங்கிட்டு வா, பேனுக்கு நேரா.

ஏஜெண்டு என்ன சொன்னாரு? சீனக் குடும்பம், வயசானவரு ஒருத்தரப் பாத்துக்கணும்னா? அம்புட்டுத்தான் சொன்னாரா? ம்... சரி.

சமையலு பழகிரும். நான் கருவாட்டுக் கொழம்ப விட்டா ஒண்ணும் தெரியாமப் போனவதான. அவுக மீனுல இஞ்சிய நறுக்கிப் போட்டு, இட்லி மாதிரி ஆவியில அவிச்சு எடுப்பாக. மொளகாத்தூளே கெடையாது. மொத வாரம் எனக்குக் கொமட்டிக்கிட்டு வந்துச்சு. அப்பறம் எங்க வீட்டுக்காரரு போனப்ப... ஆமா, நான் அங்க இருக்கறப்பத்தான். கொரோனா நேரம், பிளைட்டு ஓடல, போன்லதான் மூஞ்சியப் பாத்தேன். அன்னைக்குப் பெரியவரு சம்சாரம், அந்தம்மா, ஒரு கிண்ணம் கஞ்சியக் கொண்டாந்து வச்சிட்டு, நான் குடிச்சு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நின்னுச்சு. வேற என்னத்தச் சொல்லும்? எங்க ரெண்டு பேருக்கும் பாதிப் பேச்சு கையாலதான்.

அந்தம்மா இப்ப இல்ல. அதத்தான் சொல்ல வாரேன்.

மறு வருசம் அந்தம்மாவப் பக்கவாதம் அடிச்சிருச்சு. தொண்டையும் போச்சு. பச்சத்தண்ணி குடுக்கணும்னாக்கூட ஒரு பவுடரப் போட்டுக் கூழு மாதிரி ஆக்கித்தான் குடுக்கணும், இல்லேன்னா அடைச்சிரும்னு டாக்டரு சொல்லிட்டாரு. மக மெய்லிங்கு அத எழுதி பிரிட்ஜுல ஒட்டி வச்சிருச்சு. நல்ல பொண்ணு. ஆத்தா மேல உசுரு.

டிசம்பர்ல அவுகளுக்கு ஒரு நல்ல நாளு வரும். பிசுபிசுன்னு ஒட்டுற ஒரு அரிசி மாவ உருட்டி, உள்ளுக்குள்ள எள்ளு வச்சு, இனிச்ச இஞ்சித் தண்ணியில மெதக்க விடுவாக. நம்மள்ல எள்ளு எறைக்கிறது எதுக்கு? அவுக அத நல்ல நாளுக்கு வச்சிருக்காக, பாரு. குடும்பமே ஒண்ணா ஒக்காந்து திங்கணும். அன்னைக்கு எல்லாரும் தின்னாக. அந்தம்மாவுக்கு மட்டும் கூழு. ஒண்ணே ஒண்ணு குடுன்னு மகளோட கையப் புடிச்சுக்கிட்டுக் கேட்டுச்சு. மக குடுக்கல. எப்புடிக் குடுக்கும்?

மறுநாளு மத்தியானம் படுத்த அந்தம்மா எந்திரிக்கல. தூக்கத்துலயே போயிருச்சுன்னுட்டாக. மெய்லிங்கு சவப்பொட்டியக் கட்டிப்புடிச்சு அழுதது இன்னும் காதுக்குள்ள இருக்கு. ஒரு உருண்ட கேட்டாளே, ஆசையோட அனுப்பிட்டேனேன்னு. அதுலேருந்து வாராவாரம் போட்டோவுக்கு முன்னாடி ஒரு கிண்ணம் உருண்ட வைக்கணும். செய்யிறது நானு. எப்ப உருட்டுனாலும் கோலிக்குண்டவிடச் சின்னதாத்தான் உருட்டுவேன்.

ஏன் அம்புட்டுச் சின்னதுன்னா கேக்குற? தண்ணியக் குடி மொதல்ல.

இந்தப் பெரியவரு இருக்காரே, தங்கமான மனுசன். இப்ப அவருக்கும் தொண்டை போச்சு. அவருக்கும் கூழுதான். ஒரு உருண்ட குடுன்னு ஒன்னையக் கேப்பாரு. கோவமாக் கேக்க மாட்டாரு, கெஞ்ச மாட்டாரு, மணி என்னன்னு கேக்கற மாதிரி கேப்பாரு. குடுத்துறாத. என்ன சொன்னாலும் குடுத்துறாத.

எனக்கு எப்புடித் தெரியுமா? அந்தம்மா எங்கிட்டயும் கேட்டுச்சும்மா. அந்த மறுநாளு மத்தியானம். கஞ்சி கொண்டாந்து வச்ச கையி, அது கேக்குது. ஒரு உருண்டைய நாலாக் கிள்ளி ஊட்டிவிட்டேன். மூணு எறங்குச்சு. சிரிச்சுச்சு. நாலாவது எறங்கல. முதுகுல தட்டுனேன், வாய்க்குள்ள வெரல விட்டேன், கத்தத்தான் வாயி வரல. அடங்கிப் போச்சு. அப்பறம் வாயத் தொடச்சு, போர்வைய இழுத்துவிட்டு, கிண்ணத்தக் கழுவிக் கவுத்திட்டேன்.

வீட்ல யாரும் இல்லன்னு நெனச்சேன். பெரியவரு கதவுகிட்ட நின்னுருக்காரு.

மூணு வருசத்துக்கு மேல ஒரு வார்த்த கேக்கல அந்த மனுசன். நான் ஆக்குனதத் தின்னுக்கிட்டு இருந்தாரு. போன சித்திரையில, தனக்கும் இனிமே கூழுதான்னு தெரிஞ்ச அன்னைக்குத்தான் கூப்புட்டாரு. அன்னைக்கு நீ குடுத்ததப் பாத்தேன், எனக்குக் கோவம் இல்ல, எனக்கும் ஒண்ணு செஞ்சு குடுன்னாரு.

மாட்டேன்னேன். நெஞ்சு வலிக்குதுன்னு மககிட்டச் சொல்லிட்டு அந்த வாரமே வந்துட்டேன்.

அதுக்கப்பறந்தான் ஏஜெண்டுக்கு அவரே போன் போட்டுச் சொல்லியிருக்காரு, கலைமதி மாதிரியே எளகுன மனசுள்ள ஆளா, அவ ஊருப் பக்கத்துலேருந்தே பாருங்கன்னு.