ரெண்டு தொட்டி

"ஹலோ... ஹலோ, கேக்குதா?... நான்தாங்க. வண்டி நின்னுபோச்சு... நின்னுபோச்சுன்னா நின்னுபோச்சு, வேற எப்படிச் சொல்றது... இல்லங்க, எதுலயும் மோதல. எனக்கு ஒண்ணும் இல்ல. நான் நல்லாத்தான் இருக்கேன். உங்க வண்டிக்குத்தான்..."

ஒழுங்காக ஓடுகிறவரை அது 'நம்ம வண்டி'. வழியில் நின்றுவிட்டால் 'உங்க வண்டி'. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் மருத்துவச்சி கற்றுக்கொண்ட நியாயம் இது. சாலையோரத்தில் காரின் முன்மூடியைத் தூக்கி வைத்துவிட்டு, கிளம்பி வரும் ஆவிக்கு எட்ட நின்று, வீட்டில் இருந்த கணவருக்குப் பேசிக்கொண்டிருந்தாள். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு பெண்ணுக்கு மூன்று நிமிஷத்துக்கு ஒரு வலி வந்துகொண்டிருந்தது. இரண்டாவது பிரசவம், அவசரப்படும்.

"ஆமா... ஆமா, சிவப்பு எழுத்துல வந்துச்சு, ஓரமா நிறுத்துன்னு. உடனே இன்ஜின் அடங்கிடுச்சு... முன்னாடியே தெரியலையாவா? காலையில ஸ்டார்ட் பண்றப்போ உதறுது, உதறுதுன்னு ரெண்டு வாரமா தொண்டத்தண்ணி வத்தக் கத்தினேனே. குளிருக்கு அப்படித்தான் இருக்கும்னு சொன்னது யாரு?... சரி, சரி, இப்ப சண்டை வேணாம்... வெள்ளை ஆவி. இனிப்பா ஒரு வாசனை வேற வருது... இல்ல, ரேடியேட்டர் மூடியத் தொடல. நான் என்ன பச்சப்பிள்ளையா?... தண்ணியும் ஊத்தல."

வாங்கும்போதே மூன்று லட்சத்து இருபதாயிரம் கிலோமீட்டர் ஓடித் தேய்ந்த ஹைபிரிட் வண்டி அது. பெட்ரோல் இன்ஜின் ஒன்று, பேட்டரியில் ஓடும் மோட்டார் ஒன்று, இரண்டும் ஒரே வீட்டு மருமகள்கள் மாதிரி மாறி மாறி வேலை பார்க்கும். அவளுக்கு அரைமனசுதான். வாத்தியார்தான் ஒற்றைக்காலில் நின்று வாங்கினார். வாங்கிய பாவத்துக்கு ஞாயிறுதோறும் மூடியைத் திறந்து, சூட்டைத் தணிக்கும் தண்ணீர்த் தொட்டியைத் துணியால் துடைத்து, அளவு பார்த்து, ஒரு நோட்டில் டிக் போடுவார். எட்டு மாதமாக ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. பரீட்சைத் தாளில்கூட அவர் இத்தனை தாராளமாக டிக் போட்டதில்லை.

"இருங்க, இன்னொரு கால் வருது. அந்தப் பொண்ணோட நாத்தனார். வச்சிடாதீங்க..."

அரை நிமிஷத்தில் திரும்பி வந்தாள். பனிக்குடம் உடைந்துவிட்டதாம். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வை, முக்க விடாதே என்று சொல்லிவிட்டாள். சொன்னால் குழந்தை கேட்குமா என்ன.

"ஆங், சொல்லுங்க... ஆம்புலன்ஸ் வர நாப்பது நிமிஷமாம். டாக்ஸிக்கும் சொல்லிட்டேன், இருபத்தஞ்சு நிமிஷங்கறான்... நடக்கறதா? இந்தப் பையத் தூக்கிட்டு, இந்த முட்டிய வச்சுக்கிட்டா?... நீங்க ஸ்கூட்டர எடுத்துட்டு வந்தா... முக்கா மணி நேரமா. அது சரி... ஏங்க, மோட்டார்ல மட்டும் ஓட்டிட்டுப் போனா என்ன? பேட்டரி மூணு கட்டம் காட்டுது... கத்தாதீங்க... தெரியுது, தெரியுது, பேட்டரி அடியோட தீர்ந்துட்டா வண்டி அப்புறம் எழுந்திரிக்காது... ஐயோ, தொட்டியப் பாத்துட்டேங்க! தண்ணி ரொம்பி நிக்குது. கோடு வரைக்கும் இருக்கு... சத்தியமா..."

வாத்தியாருக்குத் தொட்டி நிரம்பியிருப்பதில் ஒரு திருப்தி. தண்ணீர் இருக்கிறது, ஆகவே இன்ஜின் சூடாகியிருக்க முடியாது, ஆகவே அவள்தான் என்னவோ செய்திருக்கிறாள் என்று நிரூபித்துக்கொண்டே போனார். அவள் "உம்... உம்..." என்று கேட்டுக்கொண்டே, ஆவி அடங்கிய இடத்தில் குனிந்தாள். ஓரத்தில் ஒரு கறுப்பு மறைப்பு. அதைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஏங்க... ஒரு நிமிஷம் நிறுத்துங்க. இங்க இன்னொரு தொட்டி இருக்கு... நான் ஏன் விளையாடறேன்? கறுப்பு மறைப்புக்கு அடியில. காஞ்சு கெடக்குதுங்க, ஒரு சொட்டு இல்ல... மூடி மேலயா? இருங்க, கண்ணாடி போடறேன்... இன்ஜின்னு போட்டிருக்கு. நீங்க துடைக்கற தொட்டியில... மோட்டார்னு போட்டிருக்கு."

மறுமுனையில் சத்தம் இல்லை. அவளுக்குக் கோபம் வந்தது. எட்டு மாதம் மோட்டார்த் தொட்டியைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்தாயே, மூடியில் எழுதியிருப்பதைப் படித்தாயா மனுஷா என்று கேட்க நாக்கு துடித்தது. ஆனால் பிரசவ அறை வாசலில் பேச்சு மூச்சில்லாமல் நிற்கும் எத்தனையோ ஆண்களைப் பார்த்தவள் அவள். அந்த மௌனம் அவளுக்குப் பழக்கம்.

"ஏங்க... லைன்ல இருக்கீங்களா?... ஏதாச்சும் பேசுங்க... சரி, தெரியாமத்தானே. விடுங்க... என்ன?... சத்தமாச் சொல்லுங்க... ஓட்டச் சொல்றீங்களா? இப்பத்தானே ஓட்டாதன்னு கத்தினீங்க... வண்டி செத்தா சாகட்டுமா? நீங்களா சொல்றீங்க?... நிஜமாத்தானே?... சரி. சரி, போறேன். வச்சிடாதீங்க, ஸ்பீக்கர்ல போட்டுக்கறேன்."

மூடியை அடைத்தாள், பையைப் பக்கத்து சீட்டில் எறிந்தாள், பொத்தானை அழுத்தினாள். இன்ஜின் ஒரு தடவை எழுந்திருக்கப் பார்த்தது, உதறிவிட்டுப் படுத்துக்கொண்டது. வண்டி மட்டும் சத்தமே இல்லாமல் நகர்ந்தது.

"நகருதுங்க... ஆமா, இருபதுலதான் போறேன், மெதுவாத்தான்... ஏசி போடல... மூணு கட்டம்தான். சிவப்பா என்னென்னவோ எரியுது, நான் பாக்கறதா இல்ல... பின்னாடி ஒருத்தன் ஹாரன் அடிச்சே உயிர எடுக்கறான். போடா, போ... உங்களச் சொல்லலங்க... ரெண்டு கட்டம். பள்ளிக்கூடம் தாண்டிட்டேன். இனிமே ஏத்தம்... ஆமா, ஏத்தம்தான். என்ன பண்றது, வீட்ட அங்கதான் கட்டி வச்சிருக்காங்க... ஒண்ணு. ஒரு கட்டம்தாங்க... இழுக்க மாட்டேங்குது. நடக்கற ஆள் முந்திட்டுப் போறாரு... பேசாதீங்க, கொஞ்சம் பேசாம இருங்க..."

அவர் கையில் அந்த நோட்டோடு கூடத்தில் நின்றுகொண்டிருப்பார் என்று அவளுக்குத் தெரியும். முக்க விடாதே, முக்க விடாதே என்று யாரிடமோ வேண்டிக்கொண்டாள். ஏற்றத்தின் உச்சியில் பச்சை கேட் தெரிந்தது. அதன் முன்னால் நாத்தனார் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு நின்றாள்.

"நின்னுடுச்சு. தானா நின்னுடுச்சுங்க. எல்லா வெளக்கும் அணைஞ்சுபோச்சு... இல்ல, இல்ல, வாசல்ல! கேட்டு பக்கத்துலதான்... அவ கத்தறது கேக்குது. இன்னும் பொறக்கல, நேரத்துக்கு வந்துட்டேன்... ஏங்க, எதுக்கு இப்ப அழறீங்க?... வண்டி போனா போகுது... நான் சொல்றதக் கேளுங்க. இன்ஜின் பாதி வழியில கைய விரிச்சிடுச்சு. என்னைக் கொண்டாந்து விட்டது மோட்டார்தான். நீங்க துடைச்ச பக்கம்தான்... வர்றேம்மா, வந்துட்டேன், சுடுதண்ணி வை!... அந்த நோட்டு கையிலதானே இருக்கு? இன்னைக்கும் ஒரு டிக் போட்டுக்கோங்க. வைக்கிறேன்."