வலி பூஜ்யம்

— கேக்கறதுக்கே வாய் கூசுதுண்ணா. ஆனா அந்தக் காலைத் திருப்பிக் கேக்குறாங்க.

— எந்தக் காலை? லாரிக்காரன் விட்டுவெச்சதையா, நீ செஞ்சு குடுத்ததையா?

— விளையாடாதே. சோதனை முடிஞ்சுதாம், பொருளை லேப்ல ஒப்படைக்கணுமாம். எங்க அண்ணன் இப்பதான் எழுந்து நிக்கவே ஆரம்பிச்சிருக்காரு, ஜெராக்ஸ் மெஷின் பக்கத்துல நின்னு வேலை பாக்குறாருன்னு கெஞ்சிப் பாத்தேன். புரொபசர் மசியல.

— சரி விடு பாப்பா. இரவல் சட்டை எத்தனை நாளைக்கு உடம்புல நிக்கும்? அந்த ஷட்டரைக் கொஞ்சம் இறக்கு. கடை நடுவுல காலைக் கழட்டி வெச்சா, பிரிண்ட் எடுக்க வர்றவன் தெறிச்சு ஓடிடுவான்.

— உனக்குக் கோபமே வரலையா?

— உன் மேலயா? டாக்டருக்குப் படிச்சு முடிச்சிட்டு, மேல படிக்கிறது மெஷினும் சேர்த்துதான்னு நீ அடம்பிடிச்சப்போ, பாதி டாக்டர் பாதி மெக்கானிக்னு அப்பா கிண்டல் பண்ணாரு. அந்த மெக்கானிக்தான் எனக்குக் கால் செஞ்சா. அவ ஆராய்ச்சிப் புத்தகத்துக்கு நானே பைண்டிங் போட்டேன். எந்த அண்ணனுக்குக் கிடைக்கும்?

— அப்படியெல்லாம் பேசாதே, அழுகையா வருது. கம்பெனிக்காரங்க இந்த டிசைனை வாங்கிட்டாங்கண்ணா. அடுத்த வாரம் ஆஸ்பத்திரி வார்டுல கால் போய்க் கிடக்கற எல்லாருக்கும் இதே கால்தான். ஸ்கூல் பசங்ககூட இருக்காங்க. எனக்கு அந்தக் கம்பெனியிலேயே வேலை. உனக்கு மட்டும் பழையபடி கக்கத்துல கட்டை. என்ன நியாயம் இது?

— அடுத்த வாரமேவா?

— ஆமா. ஏன்?

— ஒண்ணுமில்ல. இந்தா, பிடி. மெதுவா... ஸ்ஸ்...

— என்னண்ணா? உறை ஏன் தோலோட ஒட்டிக்கிட்டு வருது? இரு, இழுக்காதே. இது... ரத்தம்.

— காஞ்சதுதான்.

— அடியில புதுசா கசியுது! எலும்புக்கு மேல தோலே இல்லையே. எத்தனை நாளா இப்படி?

— நீ மாட்டிவிட்ட ரெண்டாவது வாரத்துலேர்ந்து.

— வாராவாரம் கேட்டேனே! பத்துக்கு எவ்வளவு வலிக்குதுன்னு கேட்டா, பூஜ்யம் பூஜ்யம்னே சொன்னியே!

— சொல்லத்தான் வாயெடுத்தேன். நீ முந்திக்கிட்டே. இந்த நம்பர் மட்டும் நல்லா வந்துட்டா புரொபசர் கையெழுத்துப் போட்டுடுவாருன்னே. தூக்கமில்லாம கண்ணு ரெண்டும் குழியில கிடந்துச்சு. பூஜ்யம்னேன். உன் முகம் அப்படியே மலர்ந்துபோச்சு. அப்புறம் எப்படி மாத்திச் சொல்றது? பொய் சொல்லக் கூடாது, எனக்கும் ஆசைதான். உக்காந்தே கிடந்தவன் பாப்பா நான். வலிச்சாலும் நின்னேன்ல.

— ஒருதரம் அவிழ்த்துக் காட்டியிருக்கலாமே!

— நீ கேக்கலையே. அந்தக் காலுக்கு ஒயரை மாட்டுவே, கம்ப்யூட்டரைப் பாப்பே, கிளம்பிடுவே.

— நான் டாக்டர்ணா...

— அதான் நானும் நினைச்சேன். இவ டாக்டராச்சே, என்னிக்காவது கண்டுபிடிச்சிடுவான்னு.

— பூஜ்யம்னு அச்சடிச்சே குடுத்துட்டேன். அதை வெச்சுதான் பட்டம், அதை வெச்சுதான் கம்பெனி...

— தெரியும். அந்தப் பக்கத்தையும் நான்தானே தைச்சேன். என் வலி என்னோட போகட்டும்னு இருந்துட்டேன். ஆனா வார்டுல வேற யாருக்கோ மாட்டுவாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல. அதுவும் பச்சப் பசங்க. நாளைக்கே போய் உன் புரொபசர்கிட்ட சொல்லிடு. எங்க அண்ணன் ஒரு மடையன், பொய் சொல்லிட்டான்னு பழியைத் தூக்கி என் தலையில போடு. வேணும்னா நானே வந்து சொல்றேன்... என்ன, ஷட்டரை முழுசா இறக்குறே?

— அண்ணா... இதை வேற யார்கிட்டயாவது சொன்னியா?