சுண்ணாம்புக் கோடு

— கொஞ்சம் தள்ளி நில்லுங்க டீச்சர். நீங்க கிட்ட வந்தாலே இது கத்துது.

— அந்தச் செவப்புக்கல் தோடு கெடைச்சிடுச்சா சவுரிராயன்?

— தோடு இல்லீங்க. உங்க கால் மெட்டி.

— அய்யய்யோ, கழட்டிடட்டுமா?

— அதெல்லாம் வேணாம். பத்தடி தள்ளி நின்னா போதும். ரைட். மாரியப்பா, உன் இடுப்புல தொங்குற சாவிக்கொத்தையும் தூர வை.

— வச்சிட்டேண்ணே.

— ஒரு சோடா மூடி, நாலு ஹேர்பின்னு, ஒரு துருப்புடிச்ச பிளேடு. இதுவரைக்கும் நம்ம வசூலு இவ்ளோதான். உங்க பொண்ணுங்க இங்க ஓடுறாங்களா, தலை சீவிக்கினு நிக்கிறாங்களா?

— கிண்டல் பண்ற நேரமா இது? மணி நாலாவப் போவுது. அஞ்சுக்கெல்லாம் குசுமாவோட அப்பா செஞ்சி பஸ்ல வந்து எறங்கிடுவாரு. அவங்க ஜெயினுங்க, பொழுது சாயறதுக்குள்ள வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாவணும். அந்தப் பொண்ணு காதுல வேப்பங்குச்சி சொருவிக்கினு கிளாஸ்ல ஒக்காந்திருக்கா. அவருக்கு நான் என்னா பதில் சொல்வேன்? நகையோட ஓடக்கூடாது, கழட்டிக் குடுன்னு நேத்து கைநீட்டி வாங்கினவ நானு.

— கவலைய விடுங்க டீச்சர். பட்டாளத்துல கண்ணிவெடியே தேடியிருக்கேன்.

— இதாலயா? இது வெறும் ரேடியோவாட்டம் இருக்குதே!

— ரேடியோவேதான். கீழ கம்பிச் சுருளு, மேல டிரான்சிஸ்டரு. அங்க பார்த்ததை வச்சு நானே கட்டினது. பக்கத்துல இரும்போ பொன்னோ வந்தா விசில் சத்தம் மாறும். டி.வி. வந்த பொறவு ரேடியோ ரிப்பேருக்கு எவன் வர்றான்? சும்மா இருந்த கையி. விழுப்புரத்துலேர்ந்து இதை மடியில வச்சுக்கினு பஸ்ல வர்றேன், கண்டக்டரு வெடிகுண்டான்னு கேட்டுட்டான். ஒரே பேஜாரு.

— சரி, ஏன் கோட்டு மேலயே நடக்கிறீங்க? கிரவுண்டு முழுக்கத் தேட வேணாமா?

— மாரியப்பன்தான் அப்பிடிச் சொன்னான்.

— ஏன் மாரியப்பா? உனக்கு எப்படி அவ்ளோ நிச்சயமாத் தெரியும்?

— தோட்டை ஸ்போர்ட்ஸ் ரூம்ல அலமாரி ஓரத்துல வச்சீங்க டீச்சர். நேர் கீழ சுண்ணாம்பு டின்னு மூடியில்லாம கெடந்துச்சு. விழுந்தா அதுலதான் விழுந்திருக்கும். அந்த டின்னை எடுத்தாந்துதான் நேத்து சாயங்காலம் கோடு போட்டேன்.

— நான் வச்சதை நீ பார்த்தியா?

— பார்த்தேன் டீச்சர்.

— ம். போயி, இவருக்குக் குடிக்கத் தண்ணி கொண்டா.

— எனக்கு வேணாமுங்க டீச்சர்...

— கொண்டா மாரியப்பா.

— சரிங்க டீச்சர்.

— என்னாங்க, தாகமே இல்லாதவனுக்குத் தண்ணி?

— அவன் போவட்டும். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த ரூம் சாவி, பியூனுன்னு அவன்கிட்ட மட்டும்தான் இருக்கு. ராத்திரி பூரா எனக்குத் தூக்கமில்ல. அவன் மேலதான் சந்தேகம், போலீசுக்குச் சொல்லுங்கன்னு காலையில ஹெட்மிஸ்ட்ரஸுக்கு லெட்டர் எழுதி அனுப்பிட்டேன். அவங்க மீட்டிங் போயிருக்காங்க, நாலரைக்கு வந்துடுவாங்க. லெட்டரு இந்நேரம் மேசை மேல இருக்கும்.

— மாரியப்பன் மேலயா? என்னா டீச்சர் நீங்க!

— லெட்டரு போன அரை மணியில ஆளையே காணோம். ஓடிட்டான்னே நெனைச்சேன். மத்தியானம் பார்த்தா உங்களைக் கூட்டிக்கினு வந்து நிக்கிறான். இப்பவும் மனசு ஒரு நிலையில இல்ல. அவனே எடுத்து, பயந்துபோயி இங்க போட்டிருந்தான்னா?

— கால்ல செருப்புகூட இல்லாம வந்து என் கடை வாசல்ல நின்னான் டீச்சர். ஜல்தி வாண்ணே, ஜல்தி வாண்ணேன்னு ஒரே வார்த்தை. ஏன்டா இப்பிடிப் பதர்றேன்னு கேட்டதுக்கு, இந்தப் பெட்டியைத் தூக்கி என் கையில குடுத்துட்டான்... இருங்க. பேசாதீங்க.

— என்னா?

— சத்தம் மாறுது. உங்க மெட்டியா?

— நான் எட்டதான் நிக்கிறேன்!

— ரைட். மூணாவது கோடு. இப்ப வந்து நீங்களே கையை விட்டுப் பாருங்க.

— ஒண்ணுமில்லையே. வெறும் சுண்ணாம்புக் கட்டி.

— அதை நசுக்குங்க.

— அம்மாடி! செவப்புக் கல்லு! சவுரிராயன், செவப்புக் கல்லு!

— சாணு தூரத்துல இன்னொண்ணு கத்துது. அந்தக் கட்டியையும் ஒடைங்க.

— ரெண்டும்! ரெண்டும் கெடைச்சிடுச்சு! சாமி, எம்மானத்தைக் காப்பாத்துனே!

— கோட்டைப் பார்த்தீங்களா டீச்சர்? ராத்திரிப் பனியில நனைஞ்சு, காலை வெயில்ல காஞ்சு, அப்பளமாட்டம் இறுகிக் கெடக்குது. எவனும் கெளறிப் பொதைக்கல. சுண்ணாம்போட சுண்ணாம்பா, கட்டின்னு நெனைச்சுத் தூவியிருக்கான்.

— எனக்குச் செருப்பால அடிச்சா மாதிரி இருக்கு.

— தண்ணி டீச்சர்.

— மாரியப்பா! கெடைச்சிடுச்சு மாரியப்பா!

— தெரியுது டீச்சர். நீங்க கத்துனது பைப்படி வரைக்கும் கேட்டுச்சு.

— போயி குசுமாவைக் கூப்பிடு... இல்ல, இரு. மணி என்னா?

— நாலு இருவதுங்க.

— அய்யோ! ஹெட்மிஸ்ட்ரஸ் ரூம் சாவியைக் குடு, ஜல்தி. மேசை மேல வைக்கச் சொல்லி காலையில உன்கிட்ட குடுத்தனுப்புன காகிதம் இருக்குமில்ல, அதை எடுத்துடணும். அது வந்து... ஸ்போர்ட்ஸ் லிஸ்ட்டு. தப்பா எழுதிட்டேன்.

— அது மேசை மேல இல்லீங்க.

— ஐயையோ, அவங்க வந்துட்டாங்களா? படிச்சிட்டாங்களா?

— இன்னும் வரலீங்க. என் சட்டைப் பையில இருக்குது. இந்தாங்க.

— அப்பாடா! பொழைச்சேன்டா சாமி! நல்லவேளை, வைக்க மறந்துட்டே. மறந்துதானே போனே மாரியப்பா? உனக்குத்தான் படிக்கத் தெரியாதே?

— தெரியாதுங்க டீச்சர். சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடணுமேன்னு, என் பேரை மட்டும் கத்துக்கினேன். அது இதுல மூணு எடத்துல இருந்துச்சு.