ஏழாம் நம்பர் முட்டு

— குழிக் கதவுச் சாவியைக் குடு மாப்ளே. இருபத்தாறு பேர் ஏணிகிட்ட நிக்கிறாங்க.

— நிக்கட்டும் மச்சான்.

— ஏழு மணிக்குக் குழியில இறங்கணும். இங்க மேஸ்திரி நானா, நீயா?

— நீங்கதான். உக்காருங்க, டீ ஆறிடும்.

— என்ன, சம்பந்தி உபசாரம் பலமா இருக்கு... தங்கச்சி எப்படி இருக்கா, அதைச் சொல்லு.

— ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. நேத்து எழுந்து நாலு எட்டு நடந்தா. அண்ணனைத்தான் கேட்டா.

— அது போதும் எனக்கு.

— மூணு நாளா என் அளவெடுக்கிற வேலையையும் நீங்கதான் பார்த்தீங்க.

— அதென்ன பெரிய வித்தை? பெட்டியில வயரை மாட்டணும், வர்ற நம்பரை எழுதணும். நீ சொல்லிக் குடுத்ததுதானே.

— சுவருக்குக் குடுத்திருக்கிற ஏழாம் நம்பர் இரும்பு முட்டுல பாரம் எவ்வளவு வந்துச்சு?

— நோட்டுல இருக்கே. நானூத்துப் பன்னெண்டு.

— மறுநாள்?

— அதேதான்.

— அதுக்கும் மறுநாள்?

— ...அதேதான். மண்ணு அசையலைன்னா நல்லதுதானே?

— மண்ணு அசையாட்டியும் இரும்பு அசையும் மச்சான். வெயில்ல நீளும், விடிகாலையில சுருங்கும். அதுல ஒட்டியிருக்கிற கேஜ் மயிரிழை மாறினாலும் காட்டிக் குடுத்துடும். மத்த பதினோரு முட்டும் தினம் ரெண்டு ஏறுது, மூணு இறங்குது. இது மட்டும் எப்படி...

— வயர் கெட்டிருக்கும்.

— காலையில மாட்டிப் பார்த்தேன். நல்லாத்தான் இருக்கு.

— எவ்வளவு காட்டுச்சு?

— ரெண்டு நாளா அந்த மூலையில ஒருத்தரையும் வேலைக்கு விடலையாமே நீங்க. கம்பி கட்டுறவங்க சொன்னாங்க.

— முதல் நாள் நானூத்துப் பன்னெண்டுதான், சத்தியமா. மறுநாள் ஐநூத்து முப்பது. கழட்டி மாட்டினேன், அதே முப்பது. எனக்குத்தான் பார்க்கத் தெரியலையோன்னு...

— ஒரு போன் பண்ணியிருக்கலாமே.

— அப்பதான் அவளை ஆபரேஷனுக்கு உள்ள கொண்டு போனாங்க. கூப்பிட்டா ஓடி வந்துடுவ. எழுதினா, அளவெடுக்கிறவன் எங்கன்னு இன்ஜினியர் கேட்பார். லீவு கிடையாதுன்னு சொன்ன மனுஷன். உன் வேலை போயிருக்கும்.

— மூணாவது நாள்?

— ஐநூத்து எண்பது. அறுநூறுதானே எல்லை, இன்னும் தாண்டலையேன்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.

— இன்னைக்கு அறுநூத்து அம்பத்தஞ்சு.

— ஐயோ...

— ரோட்டுப் பக்கத்துச் சுவர் குழிக்குள்ள சாயாம நிக்கிறதே அந்த முட்டாலதான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் மூணு மாடி வீடு. நோட்டுல இருந்ததை நம்பி, பக்கத்து முட்டை இன்னைக்குக் கழட்டலாம்னு கையெழுத்தும் போட்டுட்டாங்க.

— கழட்டியிருந்தா?

— அதோட பாரமும் இது தலையிலதான் விழுந்திருக்கும்.

— ரெண்டு நாளா எனக்குச் சோறு இறங்கலை மாப்ளே.

— முகத்தைப் பார்த்தாலே தெரியுது.

— ஒண்ணு பண்ணு. இன்னைக்குக் காலையிலதான் திடீர்னு ஏறுச்சுன்னு எழுதிடு. வேலையை நிறுத்திடலாம். யாருக்கும் ஒண்ணும் ஆகலை. உன் பேரும் வெளிய வராது, என் பேரும் வராது.

— ஒரே நாள்ல ஏறினதுக்கு வைத்தியம் வேற, மூணு நாளா ஏறினதுக்கு வைத்தியம் வேற மச்சான். பொய்க் கணக்கை நம்பிப் புது முட்டுக் குடுத்தா அதுவும் நிக்காது.

— அப்ப இன்ஜினியர்கிட்ட எப்ப சொல்லப் போற?

— ஆறு மணிக்கே சொல்லிட்டேன். ரோட்டை அடைக்கவும், அந்த வீட்டு ஜனங்களை வெளிய கூட்டிட்டு வரவும் ஆள் போயாச்சு. மூணு நாள் நான் இங்க இல்லைங்கிறதையும் சொல்லிட்டேன். எழுதினது யாருன்னு கேட்டார்... அதை மட்டும் சொல்லலை. இப்ப வந்துடுவார். அவர் கேட்கிறதுக்கு முன்னாடி உங்க வாயாலயே வரட்டும்னுதான் இவ்வளவு நேரமா பேசிட்டிருந்தேன்.