விரிசல் விடாத முகங்கள்

எனக்கு மூக்கு வரைய வராது. கண் வரும், காது வரும், நெற்றிச் சுருக்கம்கூட வரும். மூக்குக்கு வந்தால் கை எங்கோ போய்விடும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் இன்ஸ்பெக்டர் சார், நடந்த எல்லாவற்றுக்கும் அந்த மூக்குதான் காரணம்.

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் ஃபினிஷிங் பிரிவு சூப்பர்வைசர் நான். போன மாதம் உரித்த ஆட்டின் தோலை நூறு வருஷத்துத் தோலாகக் காட்டுவது என் வேலை. 'ஆன்டிக் ஃபினிஷ்' என்போம். இத்தாலிக்காரன் அந்த ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, ஏதோ தன் தாத்தா போட்டது மாதிரி நடப்பான். அதற்காக எனக்கு போனஸ்தான் கொடுக்கிறார்கள், விலங்கு மாட்டுவதில்லை.

மிச்ச நேரத்தில், மீந்த தோல்களில் முகங்கள் வரைவேன். வேலூரில் ஒரு மண்டபத்தில் கண்காட்சி வைத்தேன். சத்துவாச்சாரியிலிருந்து வந்த ஒருவர் ஒரு படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். நான் பூரித்துப்போய் அருகில் போனேன்.

"இன்னா சார், இவருக்கு மஞ்ச காமாலையா? மூக்கு வேற ஒடஞ்சிருக்குது" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். ரொம்ப வலித்தது சார். சோறு இறங்கவில்லை.

பிறகுதான் செல்போனில் ஜெர்மனிக்காரர்கள் சிலருடைய பழைய ஓவியங்களைப் பார்த்தேன். பச்சைக் கன்னம், கோணல் மூக்கு. எக்ஸ்பிரஷனிசமாம். உள்ளே இருக்கிற வேதனையை வெளியே காட்டுவதாம். அவர்களுக்கும் மூக்கு வரவில்லை, அவ்வளவுதான் விஷயம். ஆனால் அவர்கள் செத்துப்போயிருந்தார்கள். எனக்கும் அவர்களுக்கும் அது ஒன்றுதான் வித்தியாசம். நான் சாக முடியாது, வேலைக்குப் போக வேண்டும். அதனால் ஏற்கனவே செத்துப்போன ஒருவரை உண்டாக்கினேன்.

ஆரோன் சிகாமணி என்று பெயர் வைத்தேன். வெள்ளைக்காரர் காலத்தில் ஒரு தோல் வியாபாரியோடு கப்பலேறி ஹாம்பர்க் போகிறார். அங்கே ஓவியர்களின் அறைகளைப் பெருக்கித் துடைத்து, பார்த்துப் பார்த்தே கற்றுக்கொள்கிறார். ஊர் திரும்பியபின் கித்தான் வாங்க வக்கில்லாமல் ஆட்டுத் தோலில் அக்கம்பக்கத்து முகங்களை வரைகிறார். யாரும் மதிக்காமல் போய்ச் சேர்கிறார். என் படங்களுக்கு ஆன்டிக் ஃபினிஷ் கொடுத்து, இடிக்கப்போகும் கிடங்கு ஒன்றின் பரணில் கிடைத்ததாகச் சொன்னேன். சென்னையில் ஓவியக்கூடம் நடத்தும் பாரதி மேடம் ஓடோடி வந்தார். அதே மஞ்சள் காமாலைக்காரர் படத்தின் முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இந்த மூக்கப் பாருங்க சார். எவ்ளோ வலி!" என்றார். நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

மேடத்துக்கு ஓவியரின் புகைப்படம் ஒன்று வேண்டியிருந்தது. வாரிசு யாராவது இருந்தால் இன்னும் நல்லது என்றார். நியாயமான கோரிக்கைதான்.

என் பிரிவில் ஜோசுவா என்று ஒரு ஆபரேட்டர். அவன் அம்மா அன்னம்மாள், வயதானவர், ஆனால் நல்ல தெளிவு. அவருடைய அப்பா ஏசடியான், தோல் ஷெட்டில் சுண்ணாம்புக் குழி வேலை பார்த்தவர். தோலில் மயிர் உதிர்வதற்காக ஊறப்போடும் குழி அது. அன்னம்மாள் சிறுமியாக இருந்தபோதே அவர் இறந்துவிட்டார். யாரோ ஒரு துரை எடுத்த ஒரே ஒரு போட்டோ அன்னம்மாளின் பைபிளுக்குள் இருந்தது. குழியோரம் கோலைப் பிடித்தபடி நிற்பார். தினமும் ஜெபம் முடிந்ததும் அன்னம்மாள் அந்தக் கைகளை விரலால் தொட்டுப் பார்ப்பார்.

பெரிதாக்கித் தருகிறேன் என்று அதை வாங்கிக்கொண்டேன். குழியையும் கோலையும் வெந்துபோன கைகளையும் கம்ப்யூட்டரில் நீக்கிவிட்டு முகத்தை மட்டும் எடுத்தேன். நல்ல முகம், மூக்கு அருமை. அசலை வைத்திருந்தால் பின்னால் குழப்பம் வரும் என்பதால் அடுப்பில் போட்டேன்.

"உங்க தாத்தா கூலி இல்லப்பா, பெரிய ஓவியர். ஏதோ பயத்துல பேர மாத்திக்கினு வாழ்ந்துட்டாரு" என்று ஜோசுவாவிடம் சொன்னேன். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எந்தப் பேரனுக்குக் கசக்கும்?

அன்னம்மாள்தான் பேஜார் பண்ணினார். சென்னையில் கண்காட்சி தொடங்கிய அன்று, சுவர் உயரத்துக்கு மாட்டியிருந்த அப்பாவின் முகத்துக்குக் கீழே நின்று, கூட்டத்தின் நடுவே கேட்டார்.

"எங்கப்பா கை எங்க சார்? சுண்ணாம்புல வெந்து கெடக்கும். கொழம்பு பட்டா எரியும்னு எங்கம்மாதான் அவருக்கு ஊட்டிவுடுவாங்க. அந்தக் கையால பிரஷ் புடிச்சாருன்றீங்களே, இன்னா கத இது?"

பாரதி மேடம் என்னைப் பார்த்தார். "ஞாபகம் தப்பிப்போச்சு மேடம், பாவம்" என்றேன் தாழ்ந்த குரலில். ஜோசுவாவிடமும் அதையே சொன்னேன்.

சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமல்லவா? அன்னம்மாளை என் காரிலேயே டாக்டரிடம் கூட்டிப்போனேன். பெற்ற அப்பாவையே வேறு யாரோ என்கிறார் என்று நானே விளக்கினேன். மாத்திரை எழுதிக்கொடுத்தார். ஞாயிறுதோறும் ஆற்காட்டு மக்கன் பேடா வாங்கிக்கொண்டு அன்னம்மாள் வீட்டுக்குப் போய், கப்பல் கதையும் ஹாம்பர்க் கதையும் சொன்னேன். குழி என்று அவர் வாயெடுத்தால், "அது கனவும்மா" என்பான் ஜோசுவா. முதலில் சண்டை போட்டார். பிறகு அழுதார். ஒருநாள் பைபிளைத் திறந்து எதையோ தேடினார், என்ன தேடுகிறோம் என்று தெரியாமல் மூடி வைத்துவிட்டார். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவராகவே பேசினார்.

"அப்பா என்ன மடில ஒக்கார வெச்சிக்கினு படம் போடுவாரு சார். பச்ச கலர்னா அவருக்கு உசுரு."

பச்சை பற்றி நான் சொன்னதே இல்லை. எனக்குப் புல்லரித்துவிட்டது.

மாட்டிக்கொண்டது என் தொழில் சுத்தத்தால்தான். பரிசோதிக்க வந்த நிபுணர் ஒரு படத்தின் ஓரத்தை மடித்துப் பார்த்திருக்கிறார். நூறு வருஷத்துச் சாயம் என்றால் விரிசல் விட்டிருக்க வேண்டும், என்னுடையது விடவில்லை. எப்படி விடும்? ஒவ்வொரு படத்திலும் ஓரத்துண்டு எடுத்து, மடித்து மடித்துச் சோதிக்கும் மெஷினில் போட்டுத் தேறிய பிறகுதான் வெளியே விட்டேன். விரிசல் விடும் சரக்கை அனுப்ப எனக்கு மனசு வராது சார்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். படங்கள் அத்தனையும் நான் வரைந்தவை. ச. சூரியபிரகாஷ் என்று இனிஷியலோடு எழுதுங்கள். போட்டோவை எரித்ததும் நான்தான். அன்னம்மாளுக்குத் துரோகம் செய்ததாக எழுதியிருக்கிறீர்களே, அதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஒரு கூலிக்காரரை எடுத்துக்கொண்டு ஒரு கலைஞரை அல்லவா கொடுத்திருக்கிறேன்! நேற்று ஜோசுவா அம்மாவின் காலைப் பிடித்து, அழுதுகொண்டே உண்மையைச் சொன்னானாம். "எங்கப்பாவப் போயி குழில நின்னாருன்றியா? வெளிய போடா" என்று விரட்டிவிட்டாராம்.

ஆரோன் சிகாமணி என்று ஒருவர் இருந்ததே இல்லை என்று கடைசி வரியில் டைப் செய்திருக்கிறீர்கள். அதை மட்டும் அடித்துவிடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். என்மேல் நம்பிக்கை இல்லையென்றால், போய் அவர் மகளைக் கேட்டுப் பாருங்கள்.